சருகு பொறுக்கப் போன பிள்ளைகள்

எங்கள் பள்ளிக்கூடத்து வாசலில் மூன்று பென்குயின்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கின்றன. பிள்ளைகள் குப்பை போடுவதற்காக ஒரு கம்பெனி கொடுத்தது. வயிற்றில் கம்பெனியின் பெயர் இருக்கிறது. சத்துணவுக் கூடத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் சுத்திகரிக்கும் மிஷின், அதன் நெற்றியில் வேறொரு கம்பெனியின் பெயர். வடிகட்டி மாற்ற ஆள் வந்து இரண்டு வருஷமாயிற்று. ஐந்தாம் வகுப்புச் சுவரில் ஸ்மார்ட் போர்டு. அதைக் கொடுத்தவர்கள் பாஸ்வேர்டைக் கொடுக்க மறந்துவிட்டார்கள். மூன்று கடிதம் எழுதிப் பார்த்தேன், பிறகு அலுத்துவிட்டது. இப்போது அதன்மேல் ஒரு பழைய திரைச்சீலையைப் போட்டு மூடி வைத்திருக்கிறோம்.

நான் அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை. நாகர்கோவிலில் பஸ் ஹாரன் ஓயாத ஒரு ரோட்டோரத்தில், மிஷனரிகள் காலத்தில் கட்டிய ஓட்டுக் கட்டடம். அரசு உதவி பெறும் தொடக்கப்பள்ளி. ஐந்து வகுப்புக்கு என்னையும் சேர்த்து நான்கு ஆசிரியர்கள். காலையில் எங்கள் வாசலைக் கடந்து மஞ்சள் வேன்கள் இங்கிலீஷ் பள்ளிகளுக்குப் போய்க்கொண்டே இருக்கும். அந்த வேனுக்குக் காசு கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகள்தான் எங்களிடம் வருகிறார்கள். மீன் விற்கும் அம்மாக்களின் பிள்ளைகள், கட்டட வேலைக்காக ஒடிசாவிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள், பேச்சிப்பாறைப் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருப்பவர்கள். எனக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. சில நாட்களில் இரண்டு வருஷம் என்பது ரொம்ப நீளமாகத் தெரியும்.

எங்களுக்கு வேண்டியிருந்தது பென்குயின் அல்ல, ஒரு ஆள். போன கல்வியாண்டில் மூன்றாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகளில் பதினோரு பேருக்கு எழுத்துக்கூட்டக்கூடத் தெரியவில்லை. அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து விரல் பிடித்து வாசிக்கப் பழக்க ஒரு ஆள் வேண்டும். அரசாங்கம் புதிதாக இடம் தராது. எங்கள் தாளாளர் சபைப் போதகர். நான் நச்சரித்ததில், அவர் சபையில் நாலு நல்ல மனிதர்களிடம் பேசி ஒரு வருஷத்துக்கு மட்டும் சம்பளத்துக்கு வழி செய்தார். "மார்ச் வரைக்கும் டீச்சர். அதுக்குப் பெறவு என்னட்ட கேக்கப்பிடாது" என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

அப்படி வந்தவள்தான் வாசிப்பு டீச்சர். பிள்ளைகள் வைத்த பெயர் அது. வீடு களியக்காவிளையில். இரண்டு பஸ் மாறி வருவாள், பேச்சில் பாதி மலையாளம் ஆடும். பி.எட். முடித்துவிட்டு அரசு வேலைக்குக் காத்துக் காத்து வயது போய்க்கொண்டிருந்தது. கணவர் கல்ஃபில் வேலை பார்க்கும்போது முதுகில் அடிபட்டுத் திரும்பி வந்து வீட்டில் இருக்கிறார். எங்கள் பள்ளியில் கிடைத்த சின்னச் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. மார்ச்சோடு அது நின்றுவிடும் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் அந்த வருஷம் முழுக்க ஒரே கவலைதான் எனக்கு. ஏதாவது ஒரு கம்பெனியைப் பிடித்து அவளுடைய சம்பளத்தை அவர்கள் தலையில் கட்டிவிட வேண்டும்.

ஜூலையில் ஒரு கம்பெனியிடமிருந்து பதில் வந்தது. நகரத்துப் பள்ளிகளில் வாசிப்புக்காக மூன்று வருஷம் ஒரு ஆசிரியருக்குச் சம்பளம் தருவார்களாம். அதற்கு முன் அவர்களுடைய அதிகாரி நேரில் வந்து மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிப் பார்ப்பார். கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். அத்தனை ஆசிரியர்களையும் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமை விசிட் என்று சொன்னேன்.

இந்த இடத்தில் எங்கள் தொழிலின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்தது அருமனைப் பக்கத்தில் ஒரு பள்ளியில். முதல் வருஷமே இன்ஸ்பெக்‌ஷனுக்கு எப்படித் தயாராவது என்று பழகிவிட்டேன். நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் முன் பெஞ்சில். ஐந்தாம் வகுப்பில் குள்ளமாக இருக்கும் இரண்டு மூன்று கெட்டிக்காரர்களை மூன்றாம் வகுப்பில் கொண்டுபோய்ச் செருகிவிட வேண்டும். வாசிக்கத் தெரியாதவர்களை ஆயாவோடு சர்ச் காம்பவுண்டுக்குச் சருகு பொறுக்க அனுப்பிவிட வேண்டும். எங்கள் சர்ச் காம்பவுண்டில் நாலு அயனி மரங்கள் நிற்கின்றன. ஒவ்வொரு இலையும் சோறு போட்டுத் தின்னலாம் போல அகலமாக இருக்கும். பொறுக்கப் பொறுக்க உதிரும். பிள்ளைகளும் கடவம் என்கிற ஓலைக் கூடையை ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு குஷியாகப் போவார்கள். முப்பது வருஷமாக இதைச் செய்கிறேன். இதில் தப்பு இருப்பதாக ஒருநாளும் தோன்றியதில்லை. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அழுக்குத் துணியை எடுத்து மறைவில் போடுவதில்லையா, அதுபோலத்தான் நினைத்திருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமையும் கை தானாகவே அதைத்தான் செய்தது. யாரும் யாருக்கும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. பதினோரு பிள்ளைகளும் சருகு பொறுக்கப் போனார்கள். கம்பெனி அதிகாரி ஒரு சின்ன வயதுப் பையன், சென்னையிலிருந்து வந்திருந்தான். டேப்லெட்டில் ஒரு பத்தியைக் காட்டி ஒவ்வொரு பிள்ளையாக வாசிக்கச் சொன்னான். எல்லாரும் கணீரென்று வாசித்தார்கள். ஐந்தாம் வகுப்பிலிருந்து வந்த குள்ளன் ஒருவன், அதிகாரி கேட்காமலே அடுத்த பத்தியையும் சேர்த்து வாசித்துவிட்டான். "சூப்பர் மேடம், நான் பார்த்ததிலேயே இதுதான் பெஸ்ட் ஸ்கூல்" என்றான் அதிகாரி. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஏத்தங்காய் சிப்ஸ் ஒரு பெரிய பாக்கெட் கட்டிக் கொடுத்து அனுப்பினேன்.

அவன் கார் திரும்பிய பிறகு வாசிப்பு டீச்சர் என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"டீச்சரே, எல்லா பிள்ளையளும் வாசிச்சா பெறவு என்னத்துக்கு அவங்க எனக்குச் சம்பளம் தருவாவ?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. முப்பது வருஷ அனுபவத்தை வைத்துக்கொண்டு என்ன பிரயோஜனம்? நாலு மாசம் முன்னால் வேலைக்குச் சேர்ந்த டீச்சர்கூட இந்த முட்டாள்தனத்தைச் செய்திருக்க மாட்டாள்.

இருபது நாள் கழித்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே ஒரு ஷீல்டும் பாராட்டுக் கடிதமும். எங்கள் பள்ளி வாசிப்பில் சிறந்து விளங்குவதால், உதவி தேவைப்படும் வேறு பள்ளிக்கு அந்தத் தொகையை வழங்குகிறார்களாம். ஷீல்டை அலமாரியில் வைத்தேன். தாளாளர் வந்து பார்த்து, "கொள்ளாம் டீச்சர்" என்றார். அந்தப் பாராட்டு கிண்டலா நிஜமா என்று நான் கேட்கவில்லை.

வாசிப்பு டீச்சர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. தினமும் அந்தப் பதினோரு பேரைச் சாப்பாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் வட்டமாக உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பதினோரு பேரில் ஒருத்தியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கடற்கரைக் குடும்பம், இப்போது கோட்டாறுப் பக்கம் வாடகைக்கு இருக்கிறார்கள். அம்மா வீடு வீடாக மீன் விற்பவள். பிள்ளைக்கு எழுத்து என்றாலே பயம். புத்தகத்தைத் திறந்தால் கண்ணை மூடிக்கொள்வாள். வாசிப்பு டீச்சர் புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு, அவள் வீட்டில் விற்கும் மீன் பெயர்களை ஒவ்வொரு அட்டையில் எழுதிக் கொண்டுவந்தாள். சாளை, நெத்திலி, அயிலை, வாளை. எந்த அட்டை எந்த மீன் என்று சொல்கிற விளையாட்டு. விலையும் அவள் சொல்ல வேண்டும். மீனிலிருந்து மெல்ல மெல்லக் கடைப் பெயர்ப் பலகைகளுக்கு வந்தார்கள். சாயங்காலம் மணி அடித்த பிறகும் டீச்சரும் அவளும் கேட்டில் நின்றுகொண்டு எதிர்ப்பக்கத்துக் கடைகளை ஒவ்வொன்றாக வாசிப்பதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். களியக்காவிளை பஸ்ஸை விட்டுவிடுவாளே என்று எனக்குத்தான் பதறும்.

நவம்பரில் ஒரு மழை நாள். நான் ஏதோ ஆன்லைனில் ஏற்றிக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளை நனைந்த தலையோடு என் அறைக்குள் ஓடி வந்தாள்.

"டீச்சர், கேட்டுல எழுதிப் போட்டிருக்கத நானே வாசிச்சேன். 'பள்ளி வாசலில் வண்டிகளை நிறுத்தாதீர்கள்.'" மூச்சு வாங்கினாள். "ஆனா நிப்பாட்டியிருக்காவளே டீச்சர்? அவங்களுக்கு வாசிக்கத் தெரியாதா?"

ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

பிப்ரவரியில் வேறொரு கம்பெனி கூப்பிட்டது. அதே மாதிரித் திட்டம்தான், மூன்று வருஷச் சம்பளம், நேரில் வந்து பார்ப்பார்கள். மார்ச்சுக்கு ஒரு மாசம்தான் இருந்தது. இதை விட்டால் வாசிப்பு டீச்சரை வீட்டுக்கு அனுப்புவதைத் தவிர வேறு வழி இல்லை. இந்தத் தடவை நான் ஏமாறத் தயாராக இல்லை. அவளைக் கூப்பிட்டு அந்தப் பதினோரு பேர் லிஸ்டை எடுத்து வரச் சொன்னேன். அவர்கள்தான் முன் பெஞ்சில் உட்கார வேண்டும், கெட்டிக்காரர்கள் எல்லாம் பின்னால்.

"டீச்சரே, இது ஜூலை மாச லிஸ்டு. இதுல ஆறு பிள்ளையளு இப்பம் நல்லா வாசிக்கும்."

"அப்பம் அந்த ஆறு பேரும் வெளிய போவட்டும். மிச்சம் அஞ்சு பேரு போதும்."

"ஏன் டீச்சரே? சொல்லிக் கொடுத்தா பிள்ளைய வாசிக்கும்ணு காட்டுனா அவங்களுக்கும் ஒரு நம்பிக்கை வருமில்லா?"

"போன தடவ காட்டுனோம். ஷீல்டு தந்தாவ" என்றேன்.

அவள் அலமாரியைப் பார்த்தாள். பிறகு லிஸ்டை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஒரு வருஷம் அவள் பாடுபட்டதை யாராவது வந்து பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை இருந்திருக்கும். அதை நான் அப்போது யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். யோசித்தேன், ஒதுக்கிவிட்டேன்.

விசிட் அன்று காலையில் ஆறு பேரையும் கூப்பிட்டுக் கடவத்தைக் கையில் கொடுத்தேன். ஐந்து பேர் ஓடிவிட்டார்கள். மீன்காரியின் மகள் மட்டும் நின்றாள்.

"டீச்சர், எனக்கு இப்பம் வாசிக்கத் தெரியும்லா?"

"தெரியும் மக்கா."

"அப்பம் நான் எதுக்குச் சருகு பொறுக்கப் போணும்? தெரியாதவங்கதான போவாவ?"

அதாவது, எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்த வழக்கம் முழுக்கத் தெரிந்திருந்தது. ஜூலையில் எதற்காக அனுப்பினோம் என்று தெரிந்துதான் குஷியாகப் போயிருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்ததால் கோபமும் வந்தது. வேறு ஏதாவது ஒரு சாக்குச் சொல்லியிருக்கலாம். நான் உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

"ஏட்டி, இன்னைக்கு ஒரு அம்மா வருவாவ. நீ வாசிச்சியன்னா, இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வாசிப்பு டீச்சர் வேண்டாம்ணு சொல்லிட்டுப் போயிருவாவ. டீச்சர் மார்ச்சோட நின்னுருவாவ. டீச்சர் போவட்டுமா?"

அவள் வேண்டாம் என்று தலையை வேகமாக ஆட்டினாள். கடவத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கம்பெனி அம்மா பத்து மணிக்கு வருவதாக இருந்தது. திருவனந்தபுரத்தில் விமானம் இறங்கி, காரில் வந்து, களியக்காவிளை நெரிசலில் மாட்டிக்கொண்டு, எங்களிடம் வரும்போது பன்னிரண்டரை. அதற்குள் சருகெல்லாம் பொறுக்கித் தீர்ந்துவிட்டது. நானும் வாசிப்பு டீச்சரும் வரவேற்கக் கேட்டுக்குப் போனால், அந்தப் பிள்ளை கடவத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கே நிற்கிறாள். ஆயா எங்கே போனாளோ. உள்ளே போ என்று நான் சொல்வதற்குள் கார் வந்து நின்றது. வண்டிகளை நிறுத்தாதீர்கள் என்ற பலகைக்கு நேர் கீழே நின்றது.

அந்த அம்மா நல்லவள். அதையும் சொல்ல வேண்டும். இறங்கியதும் எங்களுக்கு வணக்கம் சொல்வதற்கு முன்னால் பிள்ளையைப் பார்த்துவிட்டாள். முழங்காலை மடக்கி அவள் உயரத்துக்கு உட்கார்ந்தாள்.

"பாப்பா, ஸ்கூல் டைம்ல நீ ஏன் இலை பொறுக்கிட்டு இருக்க? சரி, அந்த போர்டுல என்ன எழுதியிருக்கு? ஆன்ட்டிக்குப் படிச்சுக் காட்டு பார்க்கலாம்."

பிள்ளை பலகையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அப்புறம் என் பக்கத்தில் நின்ற வாசிப்பு டீச்சரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"தெரியாது" என்றாள்.

"ஒரு எழுத்துகூடவா?"

"தெரியாது."

அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கூட வந்த போட்டோகிராபரை அழைத்து, கடவத்தோடு அப்படியே ஒரு படம் எடுக்கச் சொன்னாள். எழுந்து நின்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த மாதிரி குழந்தைங்களுக்காகத்தான் மேடம் நாங்க வந்திருக்கோம்" என்றாள். இந்தப் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியும், நல்லா வாசிப்பாள் என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. நாக்கு நுனி வரை வந்தது. "உள்ள வாங்க மேடம், டீ ஆறிப் போவும்" என்றேன்.

மற்றதெல்லாம் நான் நினைத்தபடியே நடந்தது. முன் பெஞ்சில் இருந்த ஐந்து பேரும் திணறினார்கள். அந்த அம்மா நிறையக் குறித்துக்கொண்டாள். சிப்ஸ் பாக்கெட் வேண்டாம் என்று மறுத்துவிட்டாள். கார் போன பிறகு வாசிப்பு டீச்சரைத் தேடினால், அவள் சாப்பாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"எனக்க வேலைக்காவ அது பொய் சொல்லிச்சு டீச்சரே. நான் பக்கத்துல நின்னு கேட்டேன். நானும் வாய தொறக்கலையே."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். வீட்டில் படுத்திருக்கும் கணவரை நினைத்திருப்பாள், அதனால்தான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அந்தச் சாக்குகூடக் கிடையாது.

மார்ச் முடிவதற்குள் ஒப்புதல் வந்துவிட்டது. மூன்று வருஷம், இப்போது வாங்குவதைவிட நல்ல சம்பளம். தாளாளர் ஞாயிறு ஆராதனையில் அறிவித்துக் கர்த்தருக்கு நன்றி சொன்னார். படத்தை உபயோகிக்கப் பெற்றோரின் கையெழுத்து வேண்டும் என்று கம்பெனி ஒரு தாள் அனுப்பியிருந்தது. பிள்ளையின் அம்மா மீன் கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு வந்தாள். "எனக்க மகளுக்க போட்டோவா டீச்சர்? நல்லாப் பெருசாப் போடச் சொல்லுங்க" என்று சிரித்தபடி கையெழுத்துப் போட்டாள். எதற்காக எடுத்த படம் என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஜூனில் பள்ளி திறந்தது. முதல் வாரத்திலேயே தொடக்க விழா. கம்பெனி ஆட்கள் முந்தின நாளே வந்து கேட்டின் மேல் பெரிய பேனர் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். விழா அன்று நான் ஏழரை மணிக்கே வந்துவிட்டேன். ரோட்டில் அவ்வளவாகச் சத்தம் இல்லை. பென்குயின்களைக் கழுவி வைத்திருந்தார்கள். அந்தப் பிள்ளை அதற்கு முன்பே வந்து கேட்டுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள். இப்போது நாலாம் வகுப்பு. தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தாள். பேனரில் அவள் படம்தான், ஆள் உயரத்துக்கு. இடுப்பில் கடவம். கீழே பெரிய எழுத்தில் இரண்டு வரிகள்.

அவள் உதடு அசைவது எனக்குத் தெரிந்தது. வரிசையாக, ஒரு எழுத்தையும் விடாமல் அசைந்தது. அவள் வாசித்துவிட்டாள். பக்கத்தில் போனேன். இன்றைக்காவது இதைச் சரி செய்துவிட வேண்டும் என்று நினைத்தேன். அவள் தோளில் கை வைத்து, "என்ன மக்கா எழுதியிருக்கு? வாசி பாப்போம்" என்றேன்.

அவள் உடனே வாசிக்கவில்லை. ரோட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். கேட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"யாராவது வந்திருக்காவளா டீச்சர்?"

"இல்ல மக்கா. யாரும் வரல்ல."

அவள் பேனரைப் பார்த்து, கணீரென்று, ஒரு இடத்திலும் திக்காமல் வாசித்தாள்:

"எனக்கு வாசிக்கத் தெரியாது. நீங்கள் சொல்லித் தருவீர்களா?"